தும்பையின் கிண்ணம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

இந்த ஓணத்துக்கு வாசலில் இடும் அத்தப்பூக் கோலத்தில் தும்பை வைத்தே ஆகவேண்டும் என்று என் மகள் அடம்பிடித்தாள். குலசேகரம் பக்கம் ஒரு விளைத் தோட்டத்தில் முப்பது மூடு செடி நின்றது. வேரோடு பிடுங்கி வந்துவிட்டேன். மிச்சத்தை மொட்டைமாடியில் காயப்போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், ‘இது அசல் இல்லை, கவிழ்தும்பைதான் அசல்’ என்கிறார். எது அசல், எப்படிக் கண்டுபிடிப்பது? பொடித்து வைத்தால் சைனசுக்கு நல்லதா? இத்தனை சிறிய பூவை ஏன் போருக்குச் சூடினார்கள்?

அன்புடன்,
திருவட்டாறு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் கிணற்றடியில் குந்தியிருந்து ஒரு தும்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

சைனசுக்கு டாக்டரைப் பாருங்கள். போர்ப்பூ பற்றிக் கேட்டீர்கள். ‘தும்பை தானே நெய்தலது புறனே’ என்கிறது தொல்காப்பியம், அகத்தில் நெய்தலுக்கு இணையான புறத்திணை தும்பை என்று பொருள். இரு படைகள் எதிரெதிர் நின்று வலிமை காட்டும் போருக்கு இந்தப் பூதான் அடையாளம். சின்னப் பூவென்றால் இளப்பமா? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தும்பையையும் துழாயையும் அடுத்தடுத்து வைத்தார். ஓசைக்காக வைத்திருக்கலாம். ஆனால் இன்றைய தாவரவியலிலும் இரண்டும் ஒரே புதினாக் குடும்பம்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது தவறு. கவிழ்தும்பை பெயரில் மட்டும்தான் தும்பை, குடும்பமே வேறு. அதன் பூ வெளிர்நீலம், தலைகவிழ்ந்து நிற்கும், ஐந்து இதழும் சமமாக விரியும். தும்பைத் தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள், நாலு விளிம்பும் தட்டுப்படும். இலைகள் கணுவுக்குக் கணு எதிரெதிர் ஜோடியாக வரும். பூவுக்கு இரண்டு உதடு. மேலுதடு பஞ்சு ஒட்டியதுபோல மயிரடர்ந்து சிறிய குல்லாயாக இருக்கும், கீழுதடு அகன்று தொங்கும். தேனீ கீழுதட்டில் இறங்கித் தலையை நுழைக்கும்போது, குல்லாய்க்குள் ஒளிந்திருக்கும் நாலு மகரந்தத் தாள்களும் அதன்மேல் உரசும். அதில் இரண்டு நெட்டை, இரண்டு குட்டை.

ஆனால் தம்பி, நீங்கள் பூவோடு நின்றுவிட்டீர்கள். எல்லோருமே அப்படித்தான். ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் 1810-ல் தும்பை வகைகள் எல்லாம் அடங்கும் பேரினத்துக்கு லூகாஸ் என்று பெயர் வைத்தார், வெள்ளை என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து. ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வரை ஏறத்தாழ நூறு வகை இருக்கிறது. பெரும்பாலும் வெள்ளைப் பூதான். பூவை மட்டும் வைத்து ஒன்றிலிருந்து ஒன்றை எப்படிப் பிரிப்பீர்கள்? பூ கழன்றபின் நிற்கும் பச்சைக் கிண்ணத்தைப் பார்க்கவேண்டும். புல்லிவட்டம் என்பார்கள். அதன் வாய் நேராக வெட்டியதுபோல இருக்கிறதா, சரிந்திருக்கிறதா, விளிம்பில் எத்தனை பல், வரியோடிய மேல்பகுதி சொரசொரக்கிறதா? நம் விளைகளில் நிற்கும் லூகாஸ் ஆஸ்பெராவுக்கு அந்தக் குழல் லேசாக வளைந்து வாய் சரிந்திருக்கும். ஆஸ்பெரா என்றாலே சொரசொரப்பு.

இதை எனக்கு முதலில் காட்டியது என் ஆச்சி. எழுதப் படிக்கத் தெரியாது. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் அத்தப்பூ நிற்கவில்லை. விடியுமுன் சேம்பிலையைக் கும்பிளாகக் கோட்டி என் கையில் தருவாள். விளையில் பனி காலை நனைக்கும். கணுவைச் சுற்றிப் பூக்கள் நிற்கும் உருண்டையோடு நான் அவசரத்தில் பிய்ப்பேன். புறங்கையில் ஒரு தட்டு விழும். ‘மக்களே, பூவ மட்டும் எடு, கூட்டப் பிச்சிராதே.’ இரண்டு விரலால் உதட்டைப் பிடித்து மெல்ல இழுத்துக் காட்டுவாள். பூ வழுக்கிக்கொண்டு வரும். பின்முனையை உறிஞ்சினால் நாக்கில் ஒரு பொட்டுத் தித்திப்பு.

ஏன் அந்தக் கிண்ணக் கூட்டைப் பிய்க்கக் கூடாது என்று பிறகு ஒரு நாள் லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. இதழ்க்குழலோடு ஒட்டிய மகரந்தத் தாள்கள் பூவோடு வந்துவிடும். விதையாக வேண்டிய சூலகம் மட்டும் கிண்ணத்தின் அடியில் அப்படியே இருக்கும். தேனீ ஏற்கெனவே வந்துபோயிருந்தால் பூவை எடுத்தாலும் விதை முற்றும். ஒரு கிண்ணத்துக்கு நாலு. அத்தத்திலிருந்து திருவோணம் வரை பத்து நாளும் ஊரெல்லாம் பறித்தும் அடுத்த வருஷம் அதே விளையில் தும்பை வந்தது இப்படித்தான்.

நீங்கள் முப்பது மூடு செடியைப் பிடுங்கியிருக்கிறீர்கள்! ரப்பர் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் களைக்கொல்லி அடித்து அடித்து, ஒரு கும்பிள் தும்பைக்கு மூன்று ஊர் அலையவேண்டியிருக்கிற காலத்தில், கண்ணில் பட்ட ஒரு கூட்டத்தையும் வேரோடு எடுத்துவிட்டீர்கள். அதுவும் குழந்தை பார்க்க. அவள் அதையல்லவா படித்துக்கொள்வாள்? எனக்குக் கோபம்தான் வந்தது.

சரி, அடம்பிடித்தவளுக்காக நாலு இடம் தேடி அலைந்த அப்பாவை எனக்குப் பிடிக்கவும் செய்கிறது. பொடிக்காதீர்கள். இன்றைக்கே மகளை மாடிக்குக் கூட்டிப்போங்கள். தும்பையில் கீழ்க்கணு உருண்டைகள்தான் மூத்தவை. அவற்றை ஒரு வெள்ளைத்தாளின் மேல் கவிழ்த்துத் தட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் உருண்டு மறுபக்கம் விளிம்புகட்டிய பொடிவிதைகள் விழும். எண்ணச் சொல்லுங்கள், சில கிண்ணத்தில் நாலும் இருக்காது. துலா மழை என்கிற ஐப்பசி மழை தொடங்குமுன் அதே விளைக்குப் போய், பிடுங்கின இடத்தில் தூவிவிட்டு வாருங்கள். மண்ணால் மூடவேண்டாம். முளைத்ததும் எனக்கு எழுதுங்கள், அவள் கையெழுத்தில்.

அன்புடன்,
அண்ணாச்சி