பாஸ்போர்ட் யார் பையில் இருக்கிறது?

கேள்வி: என் தங்கை அமெரிக்காவில் டாலஸில் இருக்கிறாள். அடுத்த மாதம் பிரசவம். கூட இருந்து பார்த்துக்கொள்ள அம்மா போகிறார். வயது 64. இதுவரை விமானம் ஏறியதில்லை, தனியாகத்தான் பயணம். சென்னையிலிருந்து 18ஆம் தேதி அதிகாலை 4.10க்கு விமானம், தோஹாவில் மாற வேண்டும். நான்கு மணி நேரம் முன்பே போகச் சொல்கிறாள் தங்கை. பெங்களூரில் வேலை பார்க்கும் மைத்துனர், “வெப் செக்-இன் போட்டுட்டா ரெண்டு மணி நேரம் போதும்” என்கிறார். பெரியப்பாவோ மத்தியானமே போய் உட்கார்ந்துவிடலாம் என்கிறார். கும்பகோணத்திலிருந்து வேன் பிடித்து எல்லாரும் வழியனுப்பப் போகிறோம். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, கையில் கொடுத்தால் பதறிவிடுவார் என்பதால் பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் என் பையிலேயே இருக்கும், வாசலில் கொடுத்துவிடுவேன். மூட்டு வலி உண்டு என்றாலும் நடக்கிறார், அதனால் வீல்சேர் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். எத்தனை மணி நேரம் முன்பு போனால் சரியாக இருக்கும்?
— கும்பகோணம் வாசகர்

பதில்: நான்கு மணி நேரம். உங்கள் தங்கை சொன்னதுதான் சரி. 17ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, நள்ளிரவு 12 மணிக்கு அம்மா இரண்டாம் முனைய வாசலில் நிற்க வேண்டும். தேதியை வேன்காரரிடமும் அப்படியே சொல்லுங்கள். “18ஆம் தேதி ஃப்ளைட்” என்று சொல்லிவைத்து, 18ஆம் தேதி சாயங்காலம் வண்டி கட்டிய குடும்பங்கள் உண்டு.

உங்கள் கேள்விக்குப் பதில் முடிந்தது தம்பி. ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பாஸ்போர்ட் என் பையில் இருக்கும், வாசலில் கொடுத்துவிடுவேன் என்று, அதை அப்படியே விட முடியாது. அந்த வாசலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரர் நிற்பார். டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து, பயணியை மட்டும் உள்ளே விடுவார். அங்கிருந்து டாலஸில் தங்கை கண்ணில் படும்வரை ஒரு நாள் ஓடிவிடும். தோஹாவிலிருந்து டாலஸ் மட்டுமே ஏறக்குறைய 16 மணி நேரம். அவ்வளவு நேரமும் அம்மா தனி ஆள். கையிலிருக்கும் நீலப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் விசா இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஏனென்றால் அதை நீங்கள் அவரிடம் கொடுத்ததே இல்லை. பதறிவிடுவார் என்கிறீர்கள். வீட்டில் பதறினால் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கலாம். இமிகிரேஷன் வரிசையில் பதறினால் யார் கொடுப்பது?

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாதாம். பிரசவம் பார்க்கத் தெரியும். பத்திய சமையல் தெரியும். பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டத் தெரியும். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு காலையில் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியும். இதற்காகத்தானே கடல் தாண்டி அழைக்கிறீர்கள்? இவ்வளவு தெரிந்தவருக்கு, சொல்லிக்கொடுத்தால் 36 பக்கச் சிறு புத்தகம் ஒன்று தெரியாமல் போகாது. சொல்லிக்கொடுக்க யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். அம்மாவைப் பத்திரமாக அனுப்புவது மகன் கடமை என்று நினைக்கிறீர்கள், நல்லது. நீங்கள் போட்டிருக்கும் திட்டமோ பார்சல் அனுப்புகிற திட்டம்.

இன்றைக்கே பாஸ்போர்ட்டை எடுத்து அவர் கையில் கொடுங்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு பை ஒன்று வாங்குங்கள். பாஸ்போர்ட், போகவர டிக்கெட்டின் அச்சுப்பிரதி, தங்கையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய காகிதம், அமெரிக்காவுக்குச் செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீட்டின் முதல் பக்கம் ஆகியவை அதில் இருக்கட்டும். போனில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், போன் சார்ஜ் இறங்கும். பழைய பாஸ்போர்ட்டில் விசா இருந்து புதியது வாங்கியிருந்தால் இரண்டும் வேண்டும். விசாப் பக்கம் எது, போட்டோ பக்கம் எது என்று அவரே எடுத்துக் காட்டும்வரை ஒரு வாரம் தினமும் ஒருமுறை கேளுங்கள்.

பெயரையும் அவரை வைத்துக்கொண்டே சரிபாருங்கள். நம் ஊரில் இனிஷியலோடு வாழ்ந்த பெண்களுக்கு இங்கேதான் சிக்கல் வரும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து மற்றக் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அந்த ஒரே பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சடித்திருப்பார்கள். டிக்கெட்டில் ஏஜென்ட் அதே பெயரை இரண்டுமுறை போட்டிருக்கலாம், அப்பா பெயரைச் சேர்த்திருக்கலாம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒவ்வாமல் இருந்தால் இந்த வாரமே விமான நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். இரவு ஒரு மணிக்குக் கவுன்ட்டரில் அம்மா அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இப்போது மைத்துனர் கணக்குக்கு வருவோம். பெங்களூரில் கைப்பையோடு உள்நாட்டு விமானம் ஏறுகிறவருக்கு இரண்டு மணி நேரம் தாராளம். அமெரிக்கா போகிறவர் வெப் செக்-இன் செய்திருந்தாலும் பெட்டி போடக் கவுன்ட்டருக்குத்தான் போக வேண்டும். விசாவை ஊழியர் கண்ணால் பார்த்த பிறகுதான் போர்டிங் பாஸ் கைக்கு வரும். கவுன்ட்டர் பெரும்பாலும் விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது மூடுவார்கள், சில நிறுவனங்கள் 75 நிமிடத்திலேயே மூடிவிடும். எது என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கும், பாருங்கள். ஆக 4.10 என்பது அம்மாவுக்கு 4.10 அல்ல, 2.55. அதற்குப் பிறகு இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை, கேட் வரை நடை. கேட்டையும் விமானம் கிளம்ப இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்பே சாத்திவிடுவார்கள். சென்னையில் வளைகுடா, சிங்கப்பூர், ஐரோப்பா என்று வெளிநாட்டு விமானங்கள் இரவு பத்திலிருந்து அதிகாலைக்குள் வரிசையாகக் கிளம்பும். எல்லாக் கூட்டமும் ஒரே நேரத்தில், ஒரே இமிகிரேஷன் வரிசையில் நிற்கும்.

பெரியப்பா சொல்வது பாசம், ஆனால் பலனில்லை. கவுன்ட்டர் திறப்பதே மூன்று, நான்கு மணி நேரம் முன்புதான். மத்தியானம் போனால் பெட்டியை ஒப்படைக்க முடியாது, மேலே போகவும் முடியாது. இரண்டு பெட்டிகளைக் காவல் காத்துக்கொண்டு இரும்பு நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், விமானம் ஏறும் முன்பே கால் வீங்கிவிடும்.

அதற்காக ஊரிலிருந்து தாமதமாகக் கிளம்பச் சொல்லவில்லை. கும்பகோணத்திலிருந்து விமான நிலையம் 280 கிலோமீட்டர் அளவு. சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்தால் ஆறு, ஏழு மணி நேரம். விக்கிரவாண்டி வரை ஒரு மாதிரி, திண்டிவனம் தாண்டினால் நல்ல சாலை என்று நினைக்கும்போது பரனூர் சுங்கச்சாவடி வரும். பிறகு கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், கிளாம்பாக்கம், பெருங்களத்தூர். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து ஊர்ப் பேருந்துகளெல்லாம் அங்கே வந்துதான் திரும்புகின்றன. ஞாயிறு மாலையோ விடுமுறை முடியும் நாளோ என்றால் அந்தச் சில கிலோமீட்டரே ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்னும். காலையில் கிளம்பி, பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ ஒரு அறை எடுத்து, அம்மாவை நான்கு மணி நேரம் தூங்க வையுங்கள். வேன் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய காசில்லை. பணம் இடிக்கிறது என்றால் வேனில் ஏறுகிற தலைகளைக் குறையுங்கள். உள்ளே விடாத வாசலில் பத்துப் பேர் நின்று அழுதால், அம்மாவுக்கு நேரமும் தைரியமும்தான் குறையும். புறப்பாட்டு வாசலில் வண்டியை நிறுத்திவைக்கவும் விடமாட்டார்கள்.

நேரத்தைத் தின்பது பெரும்பாலும் பெட்டிதான். அமெரிக்கப் பயணத்துக்குப் பொதுவாக 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. உங்கள் டிக்கெட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. தொங்கவிடும் தராசு ஒன்று வாங்கி, வீட்டிலேயே 22 கிலோவோடு நிறுத்துங்கள். ஒரு பெட்டி 26 காட்டினால் நடு மண்டபத்தில் தரையில் உட்கார்ந்து திறக்க வேண்டும். இடுப்புத் துணியும் இஞ்சி லேகியமும் வெளியே வரும், அரை மணி போய்விடும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அம்மாவே அடுக்கட்டும், அல்லது அவர் பார்க்க அடுக்குங்கள். “உள்ளே என்ன இருக்கிறது?” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

கொப்பரைத் தேங்காய் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் சரக்கு என்று ஸ்கேனிலேயே பெட்டியை ஓரங்கட்டுவார்கள். பவர் பேங்க் பெரிய பெட்டியில் கூடாது, கைப்பையில்தான். ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் கூடாது. சத்துமாவு, பருப்புப்பொடி, பிரசவ மருந்துப்பொடி எல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி கைப்பையில் இருந்தால் தோஹாவில் பிரித்துச் சோதிப்பார்கள், வேண்டாமென்று எடுத்தும் போட்டுவிடலாம். பச்சைக் கறிவேப்பிலை ஒரு இணுக்கு கூட வேண்டாம். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் தொற்றிவரும் என்பதால் அமெரிக்காவில் தடை. உணவுப்பொருள் இருக்கிறதா என்று அங்கே கேட்டால் இருக்கிறது என்றே சொல்லச் சொல்லுங்கள். மறைத்தால்தான் அபராதம். அன்றாட மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு கைப்பையில்.

வீல்சேருக்கு வருகிறேன். வேண்டாமென்று சொன்னது யார்? நீங்கள். முட்டி யாருடையது? விமான நிலையங்களில் நடக்க வேண்டிய தூரம் உங்கள் மாடிப்படி அளவு இல்லை, தோஹாவில் ரொம்பவே நீளம். வீல்சேர் என்பது நடக்கவே முடியாதவர்களுக்கு மட்டும் இல்லை. படி ஏறுவார், நெடுந்தூரம் நடக்க மாட்டார் என்கிறவர்களுக்கென்று தனி வகை உண்டு. நிறுவனத்தைக் கூப்பிட்டு, குறைந்தது 48 மணி நேரம் முன்பே, அந்த வகையைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இதில் ஒரு குறை: ஒரே உதவியாளர் பலரை மாற்றி மாற்றித் தள்ளுவார், நடுவில் ஓரிடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவார். நான்கு மணி நேரம் என்று முதலில் சொன்னதற்கு அதுவும் காரணம். தோஹாவில் அப்படி உட்கார வைத்தால், கேட் எண்ணைப் பலகையில் பார்த்து, நேரம் நெருங்கினால் கூப்பிட்டு நினைவுபடுத்த வேண்டியது அம்மாதான். போர்டிங் பாஸில் விமான எண் எங்கே, இருக்கை எண் எங்கே என்று ஒரு மாதிரியை அச்செடுத்துக் காட்டுங்கள். வீல்சேரா நடையா என்பதை அவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இமிகிரேஷனில் முன்பெல்லாம் ஒரு அட்டை நிரப்ப வேண்டும். இந்தியர்களுக்கு 2017 ஜூலையோடு அது போய்விட்டது. அதிகாரி கேட்பது மூன்று நான்கு கேள்விதான்: எங்கே, யாரிடம், எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் இருக்கிறதா. இந்தப் பதில்கள் அம்மா வாயிலிருந்து வர வேண்டும். டாலஸிலும் இதையேதான் கேட்பார்கள். அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம், தயங்க வேண்டாம். “மகள் வீட்டுக்குப் போகிறேன், பிரசவ நேரம், கூட இருக்கப் போகிறேன், இந்தத் தேதியில் திரும்புகிறேன்” என்ற உண்மை போதும். அக்கம்பக்கத்தார் சொல்லிக்கொடுக்கும் பொய் எதையும் சேர்க்க வேண்டாம். திரும்பும் தேதி அவருக்குத் தெரியுமா? அதையும் நீங்களும் தங்கையும் மட்டும் பேசி முடித்திருந்தால், இன்று இரவே அவரை நடுவில் உட்கார வைத்துத் திரும்பப் பேசுங்கள். பார்வையாளர் விசாவில் வழக்கமாக ஆறு மாதம் தங்க விடுவார்கள். அதற்காக ஆறு மாதமும் இருந்தே ஆக வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

அம்மா உள்ளே போனதும் வேனைக் கிளப்பிவிடாதீர்கள். கவுன்ட்டரில் பெட்டியோ காகிதமோ சிக்கலானால் அவருக்கு வாசலில் ஒரு ஆள் வேண்டும். போர்டிங் பாஸ் வாங்கியதும் ஒன்று, இமிகிரேஷன் தாண்டியதும் ஒன்று, கேட்டில் உட்கார்ந்ததும் ஒன்று என மூன்று போன் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். மூன்றாவது வந்த பிறகு தாம்பரம் பக்கம் திருப்பலாம்.