காற்று வரும் பக்கம், தண்ணீர் போகும் பக்கம்

வணக்கம். பத்தமடைக்குப் பக்கம் எங்கள் ஊர். கன்னடியன் கால்வாய்க்கும் வயலுக்கும் நடுவே ஊர்ப்பொதுவில் 30 சென்ட் இடம் கிடக்கிறது. அதில் ஒரு பழைய கல்மண்டபம், இரண்டு மருதமரம். அங்கே 60-க்கு 40 அடியில் சமுதாயக்கூடம் கட்ட ஊர்வரி போட்டிருக்கிறோம். இன்ஜினியர் காட்டிய படத்தில் முகப்பில் செட்டிநாட்டுத் தூண்கள், ஆத்தங்குடிக் கல், மேற்கே முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏசி. மண்டபத்தை இடித்தால் கார் நிறுத்தலாம் என்கிறார். பாரம்பரியமும் நவீனமும் சேர்ந்தது என்று பெரியவர்களுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு மனசு ஒப்பவில்லை. 2023 வெள்ளத்தில் அந்த இடத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. கூட்டத்தில் என்ன பேசுவது?
மு.

அன்புள்ள மு. அவர்களுக்கு,

கூட்டத்தில் தூணைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். ரசனைச் சண்டையாகிவிடும். தண்ணீரில் ஆரம்பியுங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உங்கள் மண்டபத்துத் தூணிலோ பக்கத்து வீட்டுச் சுவரிலோ அன்றைய கறை இன்னும் இருக்கும். அதற்கு நேராகச் சாக்பீஸால் கோடு போட்டு, பெரியவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கோடு ஒன்றரை அடியில் இருந்தால் கூடத்தின் தரை 3 அடியில் இருக்கவேண்டும்.

ஆனால் 30 சென்ட்டையும் மண்ணடித்து உயர்த்த விடாதீர்கள். உங்கள் தண்ணீர் பக்கத்து வளவுக்குள் போய் நிற்கும். கட்டடம் நிற்கிற இடம் மட்டும் உயரட்டும். 3 அடி ஏற 36 அடிச் சாய்தளம் வேண்டும், நடுவில் திரும்பி ஏறுகிற மாதிரி. வயசானவர்களுக்கும் அண்டா ஏற்றும் தள்ளுவண்டிக்கும் அது இல்லாமல் ஆகாது. சுற்றுச்சுவரை மூடிய சுவராகக் கட்டினால் ஒரு பக்கம் 4 அடி தண்ணீர் தேங்கும்போது ஒவ்வொரு அடி நீளத்தையும் சுமார் 225 கிலோ தள்ளும். 9 அங்குலச் செங்கல் சுவர் அதைத் தாங்காது. கல்தூண் நட்டுக் கம்பி கட்டுங்கள். சுவர்தான் வேண்டும் என்றால் தரைமட்டத்தில் 6 அடிக்கு ஒரு வழி, ஒன்றரை அடி அகலத்தில் விடச் சொல்லுங்கள்.

நம் சீமையில் இதற்குப் பாடம் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயிலுக்கு வெள்ளம் வருகிற பக்கத்துச் சுவர் படகின் முனைபோல் கூர்ந்திருக்கும். தண்ணீர் பிரிந்து இரண்டு பக்கமும் ஓடும். பெருவெள்ளத்தில் கோயில் முங்கும். அதற்கு முன்பே உற்சவரைக் கரைக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆறு வரும், போகும் என்று தெரிந்து கட்டியவர்கள் அவர்கள். தாமிரபரணிக் கரைக்காரர்கள் மரபு என்று சொல்லிக்கொள்ள வேண்டியது இதைத்தான். செட்டிநாட்டுத் தூண் அழகுதான், அதன் ஊரில்.

அடுத்தது காற்று. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக வருகிற மேல்காற்று இந்த ஜில்லாவுக்குக் கிடைத்த கொடை. மேற்கைக் கண்ணாடியால் அடைத்தால் அந்தக் காற்று நின்றுவிடும், மூன்று மணி வெயில் மட்டும் உள்ளே வரும். பிறகு அதைத் துரத்த ஏசி, அதற்கு மாதாமாதம் ஊர்ப்பணம். 40 அடி அகலத்தை 8, 24, 8 என்று பிரிக்கச் சொல்லுங்கள். நடுவில் 24 அடிக் கூடம், இரண்டு பக்கமும் 8 அடித் தார்சா, அதாவது தாழ்வாரம். மேற்குத் தார்சாவின் வெளி ஓரத்தில் ஓட்டை விட்டுக் கட்டும் செங்கல் ஜாலி. வெயில் அதிலேயே உடைந்துவிடும், காற்று மட்டும் நுழையும். கூடத்து ஜன்னல்களை 3 அடி உயரத்தில் ஆரம்பிப்பது வழக்கம். பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு அந்தக் காற்று தலைக்கு மேலே போய்விடும். ஒன்றரை அடியிலேயே ஆரம்பித்து, பிள்ளைகள் விழாமல் கிராதி அழி போடுங்கள். கிழக்குப் பக்கத் திறப்பு இன்னும் பெரிதாக, உயரமாக இருந்தால்தான் உள்ளே வந்த காற்று இழுபடும். ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் என்கிற கீழ்காற்றோடு சேர்ந்து மழை அந்தப் பக்கமிருந்து அடிக்கும். கூரை விளிம்பான இறவாரம் 4 அடி வெளியே வரட்டும். வடக்கே வெயில் வராது என்று சன்ஷேடை விட்டுவிடுவார்கள். நம் அட்சரேகை 8.7 டிகிரி. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அங்கேயும் 2 அடி நிழல் வேண்டும்.

ஆனால் சூடு அதிகம் இறங்குவது கூரை வழியாகத்தான். முகப்பு அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தை அங்கே திருப்புங்கள். நடுக்கூடத்துக்கு கூரையைத் தாங்க 10 அடிக்கு ஒன்றாக இரும்பு டிரஸ், 30 டிகிரிச் சாய்வில் சீமை ஓடு, அதற்கடியில் ஒரு வரிசை அடி ஓடு. இரண்டுக்கும் நடுவே இருக்கிற காற்றுதான் சூட்டைத் தடுக்கும். முகட்டில் 9 அங்குல இடைவெளி விட்டு, மேலே ஒன்றரை அடி தாழ்ந்து இறங்கும் மூடி வைத்தால் வெக்கை வெளியேறும், சாரல் உள்ளே வராது. கணவாய்க் காற்று ஓட்டைத் தூக்கும். ஓரத்து மூன்று வரிசையையும் செம்புக்கம்பியால் கட்டாமல் விட்டால் முதல் ஆடியிலேயே தெரியும்.

தார்சாக்களுக்குத் தட்டட்டி, அதாவது மட்டக்கூரை போதும். காங்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போடுவதில்தான் ஏமாற்று நடக்கிறது. நீற்றி 15 நாள் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, முக்கால் அங்குலச் செங்கல் ஜல்லி இரண்டரைப் பங்கு. ஜல்லியை முந்தின நாளே நனைக்கவேண்டும், இல்லையென்றால் சுண்ணாம்பின் ஈரத்தை அது குடித்துவிடும். 4 அங்குலம் பரப்பி, கட்டையால் அடித்து 3 அங்குலத்துக்குக் கொண்டுவரவேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, அடிக்கிற கட்டை துள்ளி எழும்வரை அடிக்கவேண்டும். அதற்குப் பல நாள் பிடிக்கும். சாய்வு 60-க்கு 1. மேலே தட்டோடு பதிக்கவேண்டும். இரண்டு நாளில் முடிக்கச் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் கலந்தால் சித்திரையில் முடிபோல் வெடிக்கும், ஐப்பசியில் ஒழுகும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சதுரமாக விடாமல் உருட்டிப் பூசச் சொல்லுங்கள். முதல் ஒழுக்கு அங்கேதான்.

மண்டபத்தை இடிக்க வேண்டாம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு மேடையாக அதுவே போதும், கூடத்தின் வாசலை அதைப் பார்த்து வைத்தால் ஆயிரம் பேர் வந்தாலும் வெளியில் உட்கார்ந்து கேட்பார்கள். கல் இடுக்கில் சிமெண்டும் தூணில் எனாமல் பெயிண்டும் படக்கூடாது. மருதமரத்தின் அடிமரம் 2 அடிக் குறுக்களவு என்றால் அதன் 12 மடங்கு, அதாவது 24 அடி ஆரமுள்ள வட்டம் அதன் வேர்ப்பரப்பு. அதற்குள் அஸ்திவாரத்துக்கு நீளப் பள்ளம் தோண்டாமல் தனித்தனிக் குழி போட்டு, மேலே பீம் ஓட்டலாம்.

சமையல்கட்டு கிழக்கில் தனியாக இருக்கட்டும், மேல்காற்றுக்குப் புகை கூடத்துக்குள் வராது. கழிவுநீர் கன்னடியன் காலில் சேரவே கூடாது. களிமண்ணில் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. எண்ணெய் பிரிக்கும் தொட்டி ஒன்று வைத்து, மீதியைக் கல்வாழைப் பாத்திக்கு விடுங்கள்.

இன்ஜினியரிடம் இரண்டு படம் மட்டும் கேளுங்கள்: கூரையைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற படம் ஒன்று, இடத்தின் மட்டங்களும் தண்ணீர் வெளியேறும் வழியும் குறித்த படம் ஒன்று. அவை வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் எழுதி வையுங்கள்.