புரட்டாசிக்குள் போர்புல் பழகிவிடுமா?

வணக்கம். பதினான்கு மாத போர்புல் (தென்னாப்பிரிக்கக் காவல் நாய்), இதுவரை சாதுவாக இருந்தது, இப்போது டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டு கேட்டில் உங்கள் மாமாவைப் பார்த்தே உறுமுகிறது, புரட்டாசி விருந்துக்குள் பழகிவிடுமா, இல்லை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அது கெட்டுப்போகவில்லை, வளர்கிறது. இந்த வயதில்தான் காவல் குணம் தலைதூக்கும்.

ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்த பெரிய நாய்களின் வழிவந்த இனம் இது. 1928-இல் வைரச் சுரங்கக் காவலுக்கு டி பீர்ஸ் நிறுவனம் இறக்குமதி செய்த புல்மாஸ்டிஃப்களும் இதில் கலந்ததாகச் சொல்வார்கள். தனித்த பண்ணைகளில், ஆள் ஏவாமலே அந்நியரைத் தடுப்பதுதான் இதன் வேலை. வீட்டுப் பிள்ளைகளிடம் உயிராக இருக்கும். வந்துபோகிறவர்களை நாம்தான் பழக்கவேண்டும்.

உறுமினால் அடிக்கவே அடிக்காதீர்கள். அடித்தால் உறுமலை விட்டுவிட்டு நேரே கடிக்கும். வாரில் பிடித்து, கேட்டிலிருந்து தள்ளி நில்லுங்கள். மாமா பக்கவாட்டில் திரும்பி, கண்ணைப் பார்க்காமல் நிற்கட்டும். நாயின் உடம்பு தளர்ந்து, வாய் லேசாகத் திறந்ததும் ஒரு கோழித்துண்டு கொடுங்கள். அப்புறம் இரண்டடி முன்னே. விறைத்தால் பின்னே வாருங்கள்.

பகலெல்லாம் சங்கிலியில் கட்டாதீர்கள், வெறிதான் ஏறும். புரட்டாசி விருந்துக்குள் முழுசாகப் பழகாது. அன்றைக்குப் பின்னறையில் பூட்டி வையுங்கள், பிள்ளைகள் கதவைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளர் ஒருவரை இந்த வாரமே கூப்பிடுங்கள்.