வயது 50ஐக் கடந்த பிறகு மூளையைக் கூர்மையாக வைத்திருக்க அன்றாடம் என்ன செய்கிறீர்கள்?

இந்தக் கேள்வியோடு, சுடோகு, குறுக்கெழுத்து, வல்லாரை லேகியம் ஆகியவற்றில் எது அதிகப் பயன் தரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவை மூன்றையும் பற்றிப் பேசுவதற்கு முன் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை, வயது 61. மருத்துவம் படித்தவள் அல்ல. என் தந்தைக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அப்பா 32 ஆண்டுகள் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை அரைக்கும் இயந்திரங்களின் அருகிலேயே வேலை செய்தவர். காதுக்கு எந்தப் பாதுகாப்பும் அணியாத காலம் அது. எண்பதைத் தாண்டியபோது, காலையில் சொன்னதை மாலையில் மறந்தார். தேநீர்க் கடைக்குப் போய் வந்தால் அங்கே பேசியது என்னவென்று சொல்லத் தெரியாமல் விழித்தார். பிறகு கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினோம். யாரோ பரிந்துரைத்த ஞாபகசக்தி டானிக்கை ஓராண்டுக்கும் மேல் வாங்கிக் கொடுத்தேன். அந்த ஓராண்டை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கடைசியில் ஒரு மருத்துவர் செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பினார். பல ஆண்டு இரைச்சலால் காது கெடும்போது, உயர்ந்த அதிர்வெண் ஒலிகளே முதலில் போகின்றன. உயிரெழுத்துகள் கேட்கும், ஆனால் 'ஸ', 'ச' போன்ற ஒலிகள் தேய்ந்துவிடும். அதனால்தான் அப்பா, "சத்தம் கேக்குது கண்ணு, பேச்சுதான் புரியல" என்று அடிக்கடி சொல்லியிருக்கிறார். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு செய்தி மூளைக்குள் முழுமையாகப் போய்ச் சேராதபோது, அதை நினைவில் வைத்திருப்பது எப்படி? பாதி கேட்ட சொற்களைக் கொண்டு மீதியை ஊகிப்பதிலேயே மூளையின் உழைப்பு செலவாகிவிடுகிறது. ஊகிக்க முடியாமல் களைத்தவர் கூட்டத்தை விட்டு ஒதுங்குகிறார். ஒதுங்கியவரிடம் பேசுவாரும் குறைகிறார்கள்.

செவித்துணைக் கருவி பொருத்திய முதல் மாதம் அப்பா அதை வெறுத்தார், பாத்திரச் சத்தம் மண்டையில் இடிப்பதாகச் சொல்லிக் கழற்றி வைத்தார். தினமும் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று பழக்கினோம். நான்கு மாதத்தில் மறுபடியும் தேநீர்க் கடைக்குப் போனார். பச்சைத் தேயிலைக்குச் சென்ற மாதம் என்ன விலை, இந்த மாதம் என்ன விலை என்று வந்து சொன்னார். (எங்கள் ஊர் மூடுபனியில் கருவிக்குள் ஈரம் இறங்கிவிடும், இரவில் பேட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூடிவிட வேண்டும்.) எல்லா மறதிக்கும் காதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்றாண்டுகள் கவனித்தபோது, அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் கருவியால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் மிகுந்திருந்த பிரிவினரிடம் சிந்தனைத் திறன் சரியும் வேகம் 48 விழுக்காடு குறைந்திருந்தது. மறதி நோயைத் தவிர்ப்பது பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழுவும் 2024 அறிக்கையில், நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் செவித்திறன் இழப்பையும் கெட்ட கொழுப்பையும் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. அந்த 14ஐயும் களைய முடிந்தால் உலகிலுள்ள மறதி நோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. ஆகவே என் முதல் பழக்கம், ஆண்டுக்கொரு முறை காதையும் கண்ணையும் பரிசோதித்துக்கொள்வது. அப்போதே வைட்டமின் பி12, தைராய்டு ஆகியவற்றுக்கும் இரத்தம் கொடுத்துவிடுகிறேன். இவ்விரண்டின் குறைவாலும் மறதி வரும், கண்டுபிடித்தால் மருந்தால் சரிசெய்யவும் முடியும். பால், முட்டை, மீன், இறைச்சி எதுவும் அதிகம் சேர்க்காதவர்கள் பி12 விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்தது இரத்த அழுத்தம். மூளை நம் உடல் எடையில் 2 விழுக்காடுதான், ஆனால் ஓய்வில் இருக்கும்போதுகூட உடலின் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை அது செலவழிக்கிறது. அவ்வளவும் மெல்லிய இரத்தக் குழாய்கள் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். அழுத்தம் பல ஆண்டுகள் ஏறியே இருந்தால் அந்தக் குழாய்கள் தடித்துக் குறுகிவிடுகின்றன. எனக்கு 49 வயதில் அழுத்தம் கண்டுபிடிக்கப்பட்டது. தலைவலி, மயக்கம் எதுவும் இல்லாததால் மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டேன். அது தவறு என்று இப்போது தெரிகிறது. இன்று பல் துலக்குவதைப் போல மாத்திரையும் தினசரிக் கடமை. குளிர்காலத்தில் அழுத்தம் சற்று ஏறும் என்பதால், மார்கழி, தை மாதங்களில் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டிலேயே அளந்து குறித்து வைக்கிறேன். மாலைத் தேநீருடன் இரண்டு மூன்று வர்க்கி தின்னும் வழக்கத்தை வாரம் ஒரு நாளாகக் குறைத்தது எனக்குக் கடினமாகவே இருந்தது. மைதாவும் கொழுப்பும் சேர்ந்த அந்த மொறுமொறுப்பு இந்த ஊர்க் குளிருக்கு அவ்வளவு இதமானது.

நடைக்கு மலையைவிட நல்ல இடம் இல்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரில் ஒரு பாதியினர் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வீதம் ஓராண்டு வேகமாக நடந்தார்கள். நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி அவர்களுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு பெரிதாகியிருந்தது, நடக்காமல் உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு வளர்ச்சியைக் காட்டவில்லை. ஆனாலும் நடப்பது இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் நல்லது என்பதில் ஐயமில்லை. மேட்டில் ஏறும்போது பேச முடியும், பாட முடியாது என்னும் அளவுக்கு மூச்சு வாங்கினால் போதும். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோதனைக் காலம். ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாள் தொடர்ந்து வீட்டுக்குள் முடங்க நேரும். அப்போது வாசற்படியில் இருபது நிமிடம் ஏறி இறங்குகிறேன்.

மலைவாழ் மக்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று புகை. காற்று மாசும் அந்த 14 காரணிகளுள் ஒன்று. விறகடுப்புப் புகை நிறைந்த சமையலறையும் மாசுதான். அதைவிடக் கொடியது, குளிருக்காகக் கரி கனலும் சட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொள்வது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வெளிவருகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. அது இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு மூளையை மூச்சுத் திணறவைக்கிறது. உயிர் பிழைத்தவர்களுக்கும் நினைவாற்றல் கெட்டுப்போகலாம். தயவுசெய்து ஒரு நாளும் அப்படிச் செய்யாதீர்கள். கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும். குளிருக்காகக் குடிக்கிறேன் என்பதும் பிழையான நம்பிக்கை, ஏனெனில் மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உடல் வெப்பத்தை வெளியேற்றிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஓடும் இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் அணிவதும் மூளையைக் காக்கும் பழக்கமே.

தூக்கத்தைப் பொறுத்தவரை எனக்குத் தடையாக இருந்தது எங்கள் ஊர்த் தேயிலை. குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பதைப் படித்த பின், மாலை நான்கு மணிக்குப் பிறகு தேநீரை நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் இரவு இடையில் விழிப்பது குறைந்தது. ஆழ்ந்த உறக்கத்தில் மூளைத் திரவம் கழிவுகளைக் கழுவிச் செல்வதாக எலிகளில் 2013இல் கண்டறிந்ததாகவும் படித்தேன்.

இனி சுடோகு. விருப்பமிருந்தால் போடுங்கள், ஆனால் சுடோகு போடுவதால் கைகூடுவது பெரும்பாலும் சுடோகுத் திறமைதான், அது மளிகைக் கணக்குக்கோ மனிதர்களின் பெயர்களை நினைவில் வைக்கவோ அவ்வளவாக உதவுவதில்லை. மூளைப் பயிற்சிச் செயலி விற்ற ஒரு பெரிய நிறுவனம், மறதியைத் தடுக்கும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததற்காக 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. வல்லாரையைக் கீரையாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல உணவு. லேகியத்தை நம்பி இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

நான் அவற்றுக்குப் பதிலாக, நீலகிரியில் படுகர்கள் பேசும் படுக மொழியைக் கற்கிறேன். ஹைதராபாத்தில் 648 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு மறதி நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வந்ததைக் காட்டியது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. முப்பது ஆண்டுகள் படுகக் குழந்தைகளுக்குத் தமிழில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு அவர்கள் வீட்டு மொழியில் நான்கு வாக்கியம் பேசத் தெரியாமல் இருந்தது எனக்குக் குறையாகவே பட்டது. என் பழைய மாணவி ஒருத்தியின் தாயார் வாரம் இருமுறை சொல்லிக்கொடுக்கிறார். நம் 'பால்' அங்கே 'ஹாலு', நம் 'பெயர்' அங்கே 'ஹெசரு'. இந்த ஒலி மாற்றம் பிடிபட்ட நாளில் பல சொற்கள் ஒன்றாகத் திறந்துகொண்டன. தப்பாகப் பேசி, அவர் திருத்தி, மறுபடி சொல்லிப் பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தில் காதும் நாக்கும் நினைவும் சேர்ந்து வேலை செய்கின்றன, துணையும் கிடைக்கிறது.

ஒன்றைப் பிரித்தறியுங்கள். சாவியை வைத்த இடம் மறப்பது, பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுவது ஆகியவை வயதோடு வருபவை. நாற்பது ஆண்டு நடந்த பாதையில் வழி தவறுவது, பழகிய குழம்பின் செய்முறை குழம்புவது, சில்லறை எண்ண முடியாமல் போவது, ஒரே கேள்வியை அரை மணிக்குள் மூன்று முறை கேட்பது ஆகியவற்றை வீட்டார் கண்டால், பழக்கங்களை மாற்றிப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒரே நாளில் திடீரென்று பேச்சு குழறினாலோ முகம் கோணினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். மலையிலிருந்து இறங்கும் நேரத்தையும் கணக்கில் கொண்டு, உடனே 108ஐ அழையுங்கள்.