பல் கிளினிக் நடத்துவோரும் பல்லைக் காக்க நினைப்போரும்: கேள்வி பதில்

பல் மருத்துவர்கள், கிளினிக் உதவியாளர்கள், சிகிச்சைக்கு வருகிறவர்கள் என மூன்று தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. தனித்தனியாகப் பிரிக்காமல் ஒன்றாகவே பதில் எழுதுகிறேன். மருத்துவருக்கான பதிலை நோயாளியும், நோயாளிக்கான பதிலை மருத்துவரும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: புதிதாகக் கிளினிக் தொடங்கியிருக்கிறேன். வலியோடு வருகிறவர்கள் அந்த ஒரு பல்லைச் சரிசெய்துகொண்டு போனால் திரும்பி வருவதே இல்லை. விளம்பரம் செய்தால் பலன் இருக்குமா?

விளம்பரம் புதியவர்களை அழைத்து வரலாம். வந்தவர்களைத் தக்கவைப்பது நீங்கள் முதல் நாளில் நடந்துகொள்ளும் விதம்தான். அந்த நாளைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்.

வலியோடு வந்தவருக்கு முதலில் வலி நிற்க வேண்டும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் வாயில் உள்ள ஏழெட்டுக் குறைகளையும் பட்டியல் போட்டால், அவர் காதில் விழுவது செலவு மட்டும்தான். வலி அடங்கியபின் நாற்காலியை நிமிர்த்துங்கள். முகக்கவசத்தைக் கழற்றி, அவருக்கு எதிரே, அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். படுத்த நிலையில் இருப்பவரிடம் மேலிருந்து பேசும் எதுவும் அவர் மனத்தில் தங்காது.

பிறகு அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுங்கள். ஈறின் ஓரத்தில் அளவுகோல் கருவியை மெதுவாக வைத்து எடுக்கும்போது, தொட்ட இடத்தில் சில நொடிகளில் சிவப்பாக ஒரு புள்ளி எழும். அதை அவரே பார்க்கட்டும். பக்கத்திலேயே ரத்தம் கசியாத ஈறு ஒன்றையும் காட்டுங்கள். “உங்களுக்கு ஈறு நோய் இருக்கிறது” என்று பத்து முறை சொல்வதைவிட இந்த ஒரு காட்சி அதிகம் பேசும். கண்டவற்றை மூன்றாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள்: இப்போதே செய்ய வேண்டியவை, சில மாதங்கள் கண்காணித்தால் போதுமானவை, அழகுக்காக மட்டுமே செய்பவை. மூன்றாவது வகையை “இது கட்டாயமில்லை” என்று நீங்களே சொல்லிவிட்டால், முதல் வகையில் நீங்கள் சொல்வதை அவர் நம்புவார்.

கடைசியாக, “வீட்டில் கேட்டால் என்னவென்று சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்லும்போதுதான் நீங்கள் விளக்கிய லட்சணம் தெரியும். பல் எடுத்தவருக்கு அன்று மாலை ஒரு தொலைபேசி அழைப்பு, அதுவும் நீங்களே பேசினால், அதற்கு ஈடான விளம்பரம் கிடையாது.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எனக்குப் பல்லில் ஒரு தொந்தரவும் இல்லை. கட்டாயமா?

எல்லோருக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலில், ஒருவரின் ஆபத்து நிலையைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரை இடைவெளி விடலாம் என்றே இருக்கிறது; 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் அதிகபட்சம் 12 மாதம். புகைப்பவர், நீரிழிவு உள்ளவர், அடிக்கடி சொத்தை விழுகிறவர் சீக்கிரம் வர வேண்டும். பல ஆண்டுகளாகப் புதிய சொத்தையே இல்லாத, ஈறில் ரத்தம் கசியாத பெரியவருக்கு ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தாராளமாகப் போதும்.

மருத்துவர்களே, இதை நோயாளியிடம் சொல்லத் தயங்காதீர்கள். “உங்களுக்கு அடுத்த ஆண்டு போதும்” என்று கேட்ட மனிதர் அடுத்த ஆண்டு நிச்சயம் வருவார்.

கேள்வி: ஸ்கேலிங் செய்தபின் பற்களுக்கு இடையே சந்து விழுந்துவிட்டது, பல் ஆடுவதுபோலவும் இருக்கிறது. சுத்தம் செய்ததுதான் கெடுத்துவிட்டதா?

இல்லை. பல்லைத் தாங்கும் எலும்பு முன்பே கரைந்திருக்கிறது. கரைந்த இடத்தைக் காரை, அதாவது பல்லில் இறுகிப் படிந்த அழுக்கு, அடைத்துக்கொண்டிருந்ததால் வெளியே தெரியவில்லை. காரையை எடுத்ததும் சந்து தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வீக்கம் வடிந்து சுருங்குவதால் இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. சுத்தம் செய்தபின் பல் கூசினால், அது பெரும்பாலும் சில நாட்களில் குறையும். அந்தச் சந்துகளுக்குப் பொருத்தமான அளவில் சிறு இடைப்பல் பிரஷ் வாங்கி நாள்தோறும் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். சாதாரண பிரஷ் அங்கே போகாது.

ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளம் 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. அதற்கு மேல் உள்ள இடங்களை அளந்து, குறித்து, காட்டிவிட்டுத்தான் கருவியைக் கையில் எடுக்க வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் அது விளக்கம், பின்னால் சொன்னால் சாக்கு.

இன்னும் இரண்டு செய்திகள். புகைப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தக் கசிவு குறைவாகவே இருக்கும். கசியவில்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். நீரிழிவும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சர்க்கரை கட்டுக்குள் வராதவர்களின் ஈறுகளை ஒருமுறை பார்க்கச் சொல்வது எந்த மருத்துவருக்கும் நல்ல பழக்கம்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. கடைவாய்ப் பல் சொத்தையாக இருக்கிறது. பால் பல் விழத்தானே போகிறது, ஏன் செலவு செய்ய வேண்டும் என்கிறார்கள் வீட்டில்.

முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்கள் ஏறத்தாழ 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அதாவது உங்கள் மகள் இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் அந்தப் பல்லால்தான் மெல்ல வேண்டும். வலியால் தூங்காத குழந்தை சரியாகச் சாப்பிடாது, பள்ளியில் கவனம் இருக்காது. சீழ் பிடித்தால் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் பாதிக்கலாம். முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, வரவேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் போகும். வீட்டில் இதைச் சொல்லுங்கள், அம்மா.

ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்றே எண்ணி விட்டுவிடுகிறார்கள். என்னை மிகவும் வருத்தப்படுத்துவது இதுதான். அது முளைத்ததும் மருத்துவரிடம் காட்டி, மேற்புறத்தின் ஆழமான பள்ளங்களைச் சீலன்ட் பூச்சால் அடைத்துக்கொள்ளலாம். வலியில்லை, ஊசியில்லை.

பற்பசையில் ஃபுளோரைடு குறைந்தது 1000 பிபிஎம் இருக்கட்டும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. இரவில் நீங்களே தேய்த்துவிடுங்கள். ஏழெட்டு வயது வரை குழந்தையின் கைக்கு அந்த நேர்த்தி வராது.

கேள்வி: இனிப்பை முழுவதும் விட்டால்தான் சொத்தை வராதா?

எவ்வளவு என்பதோடு எத்தனை முறை என்பதையும் பாருங்கள். இனிப்பு வாய்க்குள் போனதும் பற்படலத்தில் உள்ள கிருமிகள் அமிலம் உண்டாக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதை மெல்ல மெல்லச் சமன்செய்து, கரைந்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். அதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அந்த அவகாசத்துக்குள் இன்னொரு வாய் இனிப்பு போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஒரு கோப்பை இனிப்புப் பானத்தை மேசையில் வைத்து மூன்று மணி நேரம் பருகுகிறவருக்கு, அதே அளவை உணவோடு ஒரே மூச்சில் குடிக்கிறவரைவிடப் பல் சீக்கிரம் கெடும்.

இதைத் தெளிவாகக் காட்டியது 1940களில் சுவீடனின் விபெஹோல்ம் காப்பகத்தில் நடந்த ஆய்வு. உணவுக்கு இடையே ஒட்டும் மிட்டாய் கொடுக்கப்பட்டவர்களுக்குச் சொத்தை பல மடங்கு பெருகியது. ஆனால் அங்கே உட்படுத்தப்பட்டவர்கள் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத, அறிவுத்திறன் குறைபாடு கொண்டவர்கள். நமக்குத் தெரிந்த இந்த உண்மைக்கு அவர்கள் தங்கள் பற்களைக் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் அந்த முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவது தவறு என்று நினைக்கிறேன்.

கேள்வி: பல் துலக்கியபின் எத்தனை முறை வாய் கொப்பளிக்க வேண்டும்?

கொப்பளிக்கவே வேண்டாம். நுரையைத் துப்பிவிடுங்கள், அவ்வளவுதான். தண்ணீர்விட்டு அலசினால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: பல் வலிக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்கச் சொல்லி நோயாளிகள் வற்புறுத்துகிறார்கள். மறுத்தால் வேறு கிளினிக்குக்குப் போய்விடுகிறார்கள்.

மறுங்கள். பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் மென்மையான கூழ்ப் பகுதியின் அழற்சியால் வரும் வலிக்கு அந்த மாத்திரை பயன்படாது. பல்லைத் திறந்து, கெட்ட பகுதியை நீக்கினால்தான் தீரும். வலி தணிய, ஒவ்வாமையோ வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவருக்குப் பொருத்தமான வலி நிவாரணி கொடுங்கள், அன்றே பல்லைத் திறக்க நேரம் ஒதுக்குங்கள். காய்ச்சலும் பரவுகிற வீக்கமும் இருந்தால் ஆன்டிபயாடிக் தேவை. அப்போதும் சீழை வெளியேற்றுவதோடு சேர்த்துத்தான்.

தாடைக்கு அடியில் வீக்கம் பரவி விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் எந்தக் கிளினிக்கும் வேண்டாம், நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: நான் கிளினிக் உதவியாளர். கூட்டம் அதிகமான நாட்களில் கருவிகளைக் கழுவாமல் நேராக ஆட்டோகிளேவில் (நீராவிச் சூட்டில் கிருமி நீக்கும் கலம்) வைக்கச் சொல்கிறார்கள். அந்தச் சூட்டில் எல்லாம் செத்துவிடும் என்கிறார்கள்.

ரத்தமும் காரைத் துகளும் ஒட்டியிருந்தால் நீராவி அதனடியில் உள்ள பரப்பைத் தொடாது. கழுவுதல், துடைத்தல், பொதிதல், பிறகு 121 டிகிரியில் 15 நிமிடம் அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம். இது உள்ளே அந்த வெப்பம் எட்டியபின் எண்ண வேண்டிய நேரம். பல் குடையும் கைப்பிடியையும் ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் இதே வழியில்தான் சுத்திகரிக்க வேண்டும். மேலே துடைத்தால் போதாது. ஈரமான பொதியைப் பயன்படுத்தாதீர்கள். நேரம் போதவில்லை என்றால் கூடுதலாக ஒரு தொகுதி கருவிகள் வாங்குவதே வழி என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்கள் கேட்பது சரி. பொதியை நோயாளியின் கண்முன்னே பிரிக்கும் பழக்கத்தையும் தொடங்குங்கள்.

கேள்வி: விளையாடும்போது பல் முழுதாக விழுந்துவிட்டால்?

நிரந்தரப் பல் என்றால் வெண்மையான மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது. அழுக்கு இருந்தால் பாலில் லேசாக அலசி அதே குழியில் வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே கொண்டு போங்கள். ஒரு மணி நேரம் தாண்டினால் பல் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். பால் பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது.

கேள்வி: நான் வேலை பார்க்கும் இடத்தில் மாதத்துக்கு இத்தனை வேர் சிகிச்சை, இத்தனை கிரவுன் (பல்லுக்குப் போடும் உறை) என்று இலக்கு வைக்கிறார்கள். எட்டாவிட்டால் சம்பளத்தில் கைவைக்கிறார்கள். இதுதான் வெற்றிகரமான கிளினிக் நடத்தும் முறையா?

இல்லை. இலக்கு நெருங்கும் மாதக் கடைசியில் சிறு கறையும் சொத்தையாகத் தெரியத் தொடங்கும். ஒருமுறை குடைந்த பல் பழைய பல்லாகத் திரும்பாது. கிளினிக்குக்கு வருமானம் வேண்டும், வாடகையும் ஊதியமும் தர வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்ண வேண்டியவை வேறு: ஈறு சிகிச்சை முடிந்தவர்களில் எத்தனை பேருக்கு ரத்தக் கசிவு குறைந்தது, அடைத்த பற்களில் எத்தனை இரண்டு ஆண்டுக்குள் மறுபடி வந்தன, பல் நன்றாக இருந்தும் பரிசோதனைக்கு மட்டும் எத்தனை பேர் வருகிறார்கள். இந்த மூன்றையும் ஒரு நோட்டில் உங்கள் நோயாளிகளுக்கு மட்டுமாவது குறித்துவையுங்கள். எக்ஸ்ரேயும் புகைப்படமும் இல்லாமல் எந்தப் பல்லுக்கும் வேர் சிகிச்சை தொடங்காதீர்கள். நிர்வாகத்திடம் பேசுங்கள், கேட்கவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள். பதிவேட்டில் கையெழுத்து உங்களுடையது.