பாதியில் நிற்கும் நான்கு குவில்ட்

வணக்கம். நான்கு குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்த மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை) பாதியில் நிற்கின்றன, தங்கை குழந்தைக்கானதை இரண்டு மாதத்தில் கொடுக்க வேண்டும், எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

குழந்தையுடையதற்கும் முன்னால், ஊக்கு குத்தி மடித்து வைத்திருக்கும் அந்த நீலப் போர்வையை எடுங்கள். மழைக்கால ஈரத்தில் ஊக்கு துருப்பிடித்தால் பருத்தியில் ஏறும் கறை சோப்புக்குப் போகாது. என் போர்வை ஒன்று அப்படித்தான் பாழானது, இன்றும் மனது கேட்கவில்லை. இந்த வாரம் தைக்க நேரமில்லையா, சரி, ஊக்குகளைக் கழற்றிவிட்டு மூன்று அடுக்கையும் சேர்த்துப் பெரிய பெரிய நூலோட்டமாகப் போட்டு வையுங்கள்.

அப்புறம் குழந்தையுடையது. மற்ற இரண்டும் வெறும் சதுரங்களாகத்தானே இருக்கின்றன? அவற்றுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். குழந்தைப் போர்வையில் ஒரு வரிசை முடிந்ததும் நூலை வெட்டாமல், அந்தச் சதுரங்களில் ஒரு ஜோடியை ஊசிக்கடியில் விட்டுத் தையுங்கள். பிறகு முன்னால் தைத்த வரிசையை மட்டும் வெட்டி எடுங்கள். நூல் மிச்சம், அடுத்த துணியின் முனையும் மெஷினுக்குள் சிக்காது. எல்லாவற்றுக்கும் துணி ஓரத்திலிருந்து ஒரே கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தால் போதும்.

ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, நூல் நிறம், ஊசி எண், அடுத்த வேலை மூன்றையும் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.