பட்டன் டயர் பனியில் நிற்குமா?

வண்டிச் சந்தேகங்கள்: எட்மண்டன் டயர் கடைக்காரர் பதில்கள்

கேள்வி: அண்ணா, வணக்கம். என்னுடைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புக்கு இந்த வருஷம் சேற்றில் ஓட்டுவதற்கான 35 அங்குல மட் டயர் போட்டேன். ஒவ்வொரு பட்டனும் (டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டை) கட்டைவிரல் உயரம். டிசம்பரில் கொட்டிய புதுப் பனியை உழுதுகொண்டு போனது. தெருவில் மாட்டிக்கொண்ட கார்களைக்கூட இழுத்துவிட்டேன். ஆனால் போன வாரம் சினூக் என்கிற மலையிலிருந்து இறங்கும் வெப்பக் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, சிக்னலில் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கவே இல்லை. குறுக்குச் சாலையில் பாதி வரை சறுக்கிவிட்டது. ஃபோர் வீலில்தான் ஓட்டினேன். கோளாறு பிரேக்கிலா, டயரிலா? – கால்கரி வாசகர்

பதில்: பிரேக் மிதி காலுக்கடியில் கடகடவென்று உதறியதா தம்பி? உதறியிருந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்திருக்கிறது. பிடித்துக்கொள்ளத்தான் தரையில் எதுவும் அகப்படவில்லை. டயரைத்தான் பார்க்க வேண்டும்.

பனி வேறு, ஐஸ் வேறு. ஆழமான புதுப் பனியில் பெரிய பட்டன்கள் மண்வெட்டி மாதிரி தோண்டி, வாரி, பின்னால் எறிந்துவிட்டு அடுத்த பிடிக்குத் தயாராகிவிடும். பட்டன்களுக்கு நடுவே அகலமான இடைவெளி விட்டிருப்பதே அதற்காகத்தான். ஐஸில் தோண்ட என்ன இருக்கிறது? அங்கே ரப்பர் எவ்வளவு பரப்பில், எவ்வளவு மென்மையாகப் படிகிறது என்பதுதான் கணக்கு. இடைவெளி அதிகமான டயரில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. போதாததற்கு, குளிரை நினைத்துச் செய்யாத ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போகப் போக விறைத்துக்கொண்டே வரும்.

கடைக்கு வருபவர்களிடம் நான் நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொல்வேன். ராத்திரி முழுக்க வெளியே கிடந்த மட் டயர் பட்டனில் நகம் பதியாது. பக்கத்தில் அதே குளிரில் கிடந்த வின்டர் டயரில் லேசாகப் பதியும். அப்புறம் அந்த வின்டர் டயரின் கட்டை ஒன்றை இரண்டு விரலால் மடக்கினால், மயிரிழைக் கீறல்கள் வரிசையாக வாய் திறக்கும். ஐஸில் கடிப்பது அந்தக் கீறல்களின் விளிம்புகள்தான். வண்டிகள் ஓடி ஓடி இறுகிய பனியிலும் அவைதான் கைகொடுக்கும்: கீறலுக்குள் கொஞ்சம் பனி புகுந்து நிற்கும், பனி பனியோடு ஒட்டும். உங்கள் டயரோ அகப்பட்ட பனியையெல்லாம் வெளியே எறிவதற்கென்றே பிறந்தது.

சினூக்குக்கும் இதில் பங்கு உண்டு. மைனஸ் 25-இல் ஐஸ் ஓரளவு வறண்டு கிடக்கும், டயருக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டி வரும்போது அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் வந்துவிடும். சினூக் உருக்கிய தண்ணீர் ராத்திரி உறைந்து, காலையில் கண்ணாடியாகக் கிடந்திருக்கும். கால்கரிக்காரர்களுக்கு இது எங்களைவிட நன்றாகவே தெரியும்.

ஃபோர் வீல் என்றீர்களே, அது கிளம்புவதற்கு. எல்லா வண்டிக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது; நிறுத்தும் விஷயத்தில் பக்கத்து வீட்டு கொரோலாவைவிட உங்களுக்குக் கூடுதலாக ஒன்றும் இல்லை. முதல் ஐஸ் விழுந்த அன்று பள்ளத்தில் கிடக்கும் வண்டிகளில் பிக்கப்தான் அதிகமாக என் கண்ணில் படுகிறது. சிரமமில்லாமல் வேகம் எடுத்துவிடுவதால் ஓட்டுபவருக்கு வரும் தைரியம்தான் காரணம் என்பது என் கட்சி.

‘ஐஸ்லாந்தில் 38, 44 அங்குல டயர் போட்டு பனியாற்றின் மேலேயே ஓட்டுகிறார்களே’ என்று கேட்பீர்கள். அவர்கள் டயர் காற்றழுத்தத்தை ஒற்றை இலக்க பிஎஸ்ஐ வரை இறக்கி, மெத்தென்ற பனியின் மேல் மிதந்து போகிறார்கள். அதே டயரில் ஆணியும் அடித்துக்கொள்பவர்கள் உண்டு. சிக்னலில் நிற்க வேண்டிய உங்கள் கதை வேறு.

டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கம்பெனி அளவு இருக்கும். அந்த அளவில் பிக்கப்புக்கான வின்டர் டயர் ஒரு செட் வாங்கித் தனி ரிம்மில் மாட்டுங்கள். 35 அங்குலத்தைவிட ஒல்லியாகத் தெரியும். தெருப் பனியை அறுத்துக்கொண்டு கீழே இறங்க ஒல்லிதான் நல்லது. மட் டயரை மே மாதம் மாட்டிக்கொள்ளுங்கள், அழகு எங்கேயும் போகாது.

கேள்வி: எங்கள் ஆல் டெரெயின் (எல்லாத் தரைக்குமான) டயரில் எம் பிளஸ் எஸ் (மட் அண்ட் ஸ்னோ, அதாவது சேறும் பனியும்) என்று போட்டிருக்கிறது. ரோஜர்ஸ் பாஸ் மலைக்கணவாய் வழியாக வான்கூவர் போகலாமா? – ரெட் டியர் வாசகி

பதில்: சட்டப்படி போகலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும்பாலான மலைச் சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை வின்டர் டயர் கட்டாயம். எம் பிளஸ் எஸ் இருந்து, பட்டன் உயரம் 3.5 மி.மீ. இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அந்த எழுத்துகள் டயரின் கோலத்தைப் பற்றி மட்டுமே சொல்கின்றன, பனியில் யாரும் ஓட்டிப் பார்த்ததாக அர்த்தமில்லை. மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த சின்னம் இருக்கிறதா பாருங்கள். இறுகிய பனியில் இழுவையைச் சோதித்து, ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக வந்தால்தான் அதைக் கொடுப்பார்கள். பிஎஃப் குட்ரிச் கேஓ2, டோயோ ஓப்பன் கன்ட்ரி ஏடி 3 போன்ற ஆல் டெரெயின்களுக்கு அது உண்டு. கவனம் அக்கா, அந்தச் சோதனையில் ஐஸும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. கியூபெக் பக்கம் போனால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெறும் எம் பிளஸ் எஸ் செல்லாது.

கேள்வி: பிக்கப்பின் பின்பக்கம் மணல் மூட்டை போடலாமா? – லெத்பிரிட்ஜ் வாசகர்

பதில்: போடலாம். பின் அச்சுக்கு நேர் மேலே, நகராதபடி கட்டிப் போடுங்கள். மாட்டிக்கொண்டால் சக்கரத்தடியில் தூவவும் ஆகும்.

கேள்வி: பிடி கிடைக்க ஊருக்குள்ளும் காற்றைக் குறைத்து ஓட்டலாமா? – எட்மண்டன் வாசகர்

பதில்: வேண்டாம். நீங்கள் குறைக்காமலே அது குறைந்துகொண்டிருக்கிறது. சுமார் 5, 6 டிகிரி இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ போய்விடும். 15 டிகிரியில் காற்றடித்த டயர் மைனஸ் 25-இல் ஏழு பிஎஸ்ஐ குறைவாக நிற்கும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே கேஜ் வைத்துப் பாருங்கள்.